சீனிப்பனி

மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. ஆற்றங்கரை ஊர், தட்டை நிலம். இங்கே பனி ஆளை விழுத்தும், அள்ளி அள்ளி நாரியை நோகப் பண்ணும்; புதைக்காது. ஆனால் என் மகன் மாரி வந்தால் கஸ்பேசியின் ஷிக்-ஷொக் மலைகளுக்குச் சறுக்கப் போகிறவன்.

“போகாதை” என்று ஒருநாள் சொன்னேன். அவன் வாதாடவில்லை. பின்வளவுப் பனிக்குவியலைச் சவளால் செங்குத்தாக வெட்டி, “தொட்டுப் பாருங்கோ அப்பா” என்றான். மேலே மாப்போலப் புதுப்பனி. அதன்கீழ் மழை உறைந்த கண்ணாடித் தகடு. அடியில் ஒன்றோடொன்று ஒட்டாத பரல்கள், சீனி மாதிரி.

நிலத்தோடு கிடக்கும் பனி சுழியப் பாகையை ஒட்டியே இருக்கும், மேற்பனியோ கடுங்குளிரில். 10 சென்ரிமீற்றருக்கு ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால், மேலேறும் நீராவி அடிப்பனியைச் சீனியாக்கிவிடும். அதன்மேல் காற்று இறுக்கிய பனி பலகையாகப் படியும். 30 முதல் 45 பாகை வரையான சரிவில் ஒரு மனிதனின் பாரமே போதும், பலகை முழுவதும் கழன்று வர. கார்த்திகையில் விழுந்த பனி மாசியில் கொல்லும்.

மலையில் இதற்கொரு சோதனை உண்டு. 30 சென்ரிமீற்றர் சதுரத் தூணாகப் பனியை வெட்டி, மேலே சவளை வைத்து, மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10 தட்டு. முதற் தட்டுகளிலேயே தூண் வெட்டினாற்போல் வழுகினால் திரும்பி வரவேண்டும். வழுகாவிட்டாலும் அது அந்த ஓரிடத்துக்கான பதில்தான்.

மலைக்குப் போகாதவரையும் பனி தேடி வரும். 1999 புத்தாண்டு இரவு, கியூபெக்கின் வடக்கே கங்கிக்சுவலுஜ்ஜுவாக் என்ற இனுயிட் ஊரில், பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டாட்டம். பின்னாலிருந்த சரிவு இறங்கிச் சுவரை உடைத்தது. 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் சிறுவர். 25 பேர் காயப்பட்டார்கள். பிறகுதான் பள்ளிக்கூடத்தை மலையைவிட்டுத் தள்ளிக் கட்டினார்கள். பள்ளிக்கூடமென்றால் பாதுகாப்பு என்று நம்பி ஒதுங்கிய எங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

ஷிக்-ஷொக் மலைகளுக்கான பனிச்சரிவு அறிக்கை சென்ட்-ஆன்-டே-மொன் என்ற ஊரிலிருந்து வருகிறது. அதுவும் ஆன் புனிதையின் பெயர்கொண்ட ஊர்தான். தட்டை நிலத்தில் இருந்துகொண்டு அதை வாசிக்கிறேன். முதலில் நான் தேடுவது புதுப்பனி எவ்வளவு என்றல்ல, அடியில் பழையது என்ன கிடக்கிறது என்றுதான்.