ஆனைமலை டு கோவை: ஒரு காருக்கு வந்த இடுப்புவலி!

"வலியெல்லாம் செரியாப் போச்சு கண்ணு. இனி ஆசுபத்திரிக்கு வேண்டாம்!"

அம்மாயி இதைச் சொன்னபோது நின்னுக்கிட்டே வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தாங்க. எழுபத்தொரு வயசு. அரிவாள்மணை முன்னால உட்காராம அவங்க காய் நறுக்கி நான் பார்த்ததே இல்லை. டவுட்டு வந்துருச்சு. மாமா தோப்புக்குப் போனதும் மெல்லக் கேட்டேன். கத்தியைக் கீழே வெச்சாங்க.

"உன்ற மாமங்கிட்டச் சொல்லீராத சாமி. அந்தக் காருல ஏறி எறங்கினா நாலு நாளைக்கு எந்திரிக்க முடியறதில்ல. ஆசையா வாங்கிப்போட்டான். எப்படிச் சொல்றது?"

மேட்டர் இதுதான். ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்க மாமாவுக்குத் தென்னந்தோப்பு. அம்மாயிக்கு இடுப்பு டிஸ்க்கில் பிரச்னை. ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கோயமுத்தூரில் பிசியோதெரபி. போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல, வர அதே அளவு. அதுக்காகவே பஸ் வேண்டாம்னு மாமா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். ஆனா வாங்கினது என்ன தெரியுமா? கறுப்புக் கலர், தரையோட தரையா பதுங்கின உடம்பு, பளபள அலாய் வீல்... ஸ்போர்ட்டி செடான்! (கம்பெனி பேர் வேண்டாம், மாமா கோவிச்சுக்குவார்.) காலேஜ் காலத்துக் கனவாம்.

அம்மாவுக்காக வாங்கின கார், அம்மாவோட வைத்தியத்தையே நிறுத்திடுச்சு. ரெண்டு சனிக்கிழமை ஏற்கெனவே போச்சு.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். 'டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி' பேப்பரில் ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் போட்டு பக்கம் பக்கமா கணக்கு எழுதினவன். (பாஸ் பண்ணது ரெண்டாவது அட்டெம்ப்ட்டில், ஹி... ஹி...) "காரை நான் பார்க்கறேன் மாமா, குலுங்குது"ன்னு மட்டும் சொன்னேன். அம்மாயி விஷயத்தை மூச்சு விடலை.

முதல்ல போன ஒரு ஒர்க்‌ஷாப்பில், காரை ஓட்டிக்கூடப் பார்க்காம "நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு, நாற்பதாயிரம் ஆகும்"னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மாமா முகம் சுருங்கிப்போச்சு. "வித்துரலாமா மாப்ள?"ன்னார்.

அப்பத்தான் சுந்தராபுரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனைப் பிடிச்சோம். முன்னாடி ரேஸ் டீம்ல வேலை பார்த்தவர். காரைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாருக்குத் தம்பி குலுங்குது? ஓட்டறவருக்கா, பின்னால உட்கார்றவங்களுக்கா?"

எங்க மண்டையில் யாரோ கொட்டின மாதிரி இருந்துச்சு. மாமா எப்பவும் டிரைவர் சீட். நான் எப்பவும் முன் சீட். பின்னால உட்கார்ந்து பார்த்தவங்க அம்மாயி மட்டும்தான். அவங்களை யாரும் கேட்கவே இல்லை!

பின் சீட்டு பாடம்

அடுத்த சனிக்கிழமை அம்மாயியைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து, இடுப்புக்கு ரெண்டு தலைகாணி வெச்சு, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். மடியில் நோட்டு. கையில் அதிர்வு அளக்கிற ஆப் போட்ட மொபைல். மாமா ஸ்டியரிங்கில். "இந்த ஒரு தடவைதான் அம்மாயி, எப்படி இருக்குன்னு சொல்லிட்டே வாங்க"ன்னேன்.

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி வரை ரெண்டு பக்கமும் தென்னை. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மட்டையை எல்லாம் ஒரே பக்கமா சீவி விட்டிருக்கும். ரோட்டைப் பார்க்காத வரைக்கும் சொர்க்கம். ரோடு? தார் மேல தார் ஒட்டுப்போட்டது, ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர். சின்ன ஒட்டு ஒண்ணு வந்தது... 'ணங்'!

"இது குத்து"ன்னாங்க அம்மாயி.

ஸ்பீடு பிரேக்கர் வந்தது. ஏறும்போது ஒண்ணுமில்லை. இறங்கினதும் 'டம்'னு ஒரு அடி, ஆள் மேலே போய் வந்தோம்.

"இது தூக்கு."

"ஏறி எறங்கினப்புறம் தொட்டில் மாதிரி ஆடுதா அம்மாயி?"

"ஆட்டமெல்லாம் இல்ல கண்ணு. குத்தும் தூக்கும்தான்."

என் மொபைல் கிராஃபில் வெறும் முள்ளு முள்ளா கோடு. அம்மாயி மூணே வார்த்தையில் மூணு வியாதியைப் பிரிச்சுட்டாங்க. மெக்கானிக் அண்ணன்கிட்ட நோட்டைக் காட்டினதும் அசந்துட்டார். "ஆட்டம் இல்லைன்னா ஷாக் அப்சார்பர் இன்னும் உயிரோட இருக்கு தம்பி. மொதல்ல அதுல கை வைக்க வேண்டாம்!"

ஷாக் அப்சார்பர் வேலை, ஸ்பிரிங் ஆடுறதை அடக்குறது. அது செத்துப்போனா கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கினப்புறமும் ஆடிட்டே போகும். ஆயில் கசிவும் தெரியும். எங்க கார்ல நாலும் காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு. மூலையை அமுக்கி விட்டா ஒரே தடவை எழும்பி நின்னுடுச்சு. நாற்பதாயிரம் மிச்சம்!

குத்துக்கு மருந்து

"காசு செலவில்லாததை மொதல்ல செய்யணும். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்தணும். அதே ரோடு, அதே வேகம், அதே ஆளுங்க. அப்பத்தான் எது வேலை செஞ்சதுன்னு தெரியும்." இது அண்ணனோட சட்டம். எங்க லேப்லகூட இவ்வளவு ஒழுங்கா எக்ஸ்பெரிமென்ட் பண்ணதில்லை.

காலையில், வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி டயர்ல காத்து அளந்தோம். 42 பி.எஸ்.ஐ! டிரைவர் கதவைத் திறந்தா உள் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பார்த்திருக்கீங்களா? கம்பெனி சொல்ற அளவு அதில்தான் இருக்கும். எங்க காருக்கு 33. ஓடிச் சூடான டயர்ல அளக்கக் கூடாது. பத்து டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ ஏறிடும்.

ஏன் 42? பழைய ஓனர் 16 இஞ்ச் வீலைக் கழட்டிட்டு 18 இஞ்ச் அலாய் போட்டிருந்தார். பழைய டயர் 205/55 ஆர் 16. அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 55 சதவிகிதம் பக்கச் சுவர். அதாவது சுமார் 113 மில்லிமீட்டர். இப்போ இருக்கிறது 225/40 ஆர் 18. சுவர் வெறும் 90. வெளிச்சுத்து ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ரோட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த காத்து மெத்தையில் ரெண்டே கால் சென்டிமீட்டர் காலி! சுவர் மெலிஞ்சா பள்ளத்தில் ரிம் வளையும். அதுக்குப் பயந்து காத்தை ஏத்தியிருக்கார். அழகுக்கு வீல், வீலைக் காப்பாத்தக் காத்து, காத்தால குத்து.

அந்த மெல்லிசு டயருக்கு 35-க்குக் கீழ போக வேண்டாம்னார் அண்ணன். ரொம்பக் குறைச்சா டயர் சூடாகி வெடிக்கிற ஆபத்தும் இருக்கு. 35 வெச்சதுக்கே வித்தியாசம் தெரிஞ்சது. அடுத்து, அலாயை வித்துட்டு அதே காரோட பழைய 16 இஞ்ச் வீல் ஒரு செட் தேடி வாங்கி, அதுக்கேத்த டயர் போட்டு, ஸ்டிக்கர் படி 33. அலாய் போன அன்னைக்கு மாமா சரியாச் சாப்பிடலை. ஆனா குத்து முக்கால்வாசி போயிருச்சு.

தூக்குக்குத் துப்பறிதல்

ஸ்பீடு பிரேக்கரில் வர்ற 'டம்' அப்படியே இருந்துச்சு. அண்ணன் அஞ்சு ரூபாய்க்குத் துப்பறிஞ்சார். வயர் கட்டுற பிளாஸ்டிக் டை ஒண்ணை ஷாக் அப்சார்பர் ராடைச் சுத்தி இறுக்கினார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க." வந்து பார்த்தா, டை தள்ளப்பட்டு உச்சியில் இருக்கிற ரப்பர்ல போய் முட்டி நிக்குது! அந்த ரப்பர்தான் பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினா இரும்பும் இரும்பும் மோதாம இருக்கக் கடைசியா வெச்சிருக்கிற தடுப்பு. அவசரத்துக்கு உள்ளது. எங்க காரோ ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அது மேலதான் உட்கார்ந்து எந்திரிச்சிருக்கு.

காரணம், பழைய ஓனர் காரைத் தாழ்த்தக் குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தார். மேலே கீழே ஆட இருந்த இடத்தில் பாதி காணோம்.

"ஏனுங்ணா, ரேஸ் கார் எல்லாம் இப்படித்தானே தாழ்வா இருக்கு?"

அண்ணன் சிரிச்சார். "அதுக்கு ரோடு அப்படித் தம்பி!"

சுந்தராபுரத்திலிருந்து பொள்ளாச்சி பக்கம் கொஞ்ச தூரம் போனா மலுமிச்சம்பட்டி. அங்கிருந்து திரும்பினா செட்டிபாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி இன்ஜினை வெச்சுக் குறைஞ்ச செலவில் ஒத்தை சீட் ரேஸ் கார் செஞ்சுகாட்டின கோவைக்காரர் கரிவரதன் பேர்ல 2003-ல் வந்த டிராக். அந்த மாதிரி டிராக்கில் ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, ஒட்டுப்போட்ட தார் கிடையாது, அம்மாயியும் கிடையாது. அங்கே கெட்டி ஸ்பிரிங் வளைவில் காரைச் சாயாமல் பிடிக்கும். அதே ஸ்பிரிங் ஆனைமலை ரோட்டில் வில்லன். ஒரே பொருள்தான், ஊரு மாறினா குணம் மாறுது.

கம்பெனி ஸ்பிரிங்கும் புது பம்ப் ஸ்டாப்பும் போட்டோம். அப்போ பின்பக்கம் இன்னொரு குளறுபடி மாட்டுச்சு. முன்னாடி வேலை பார்த்தவங்க, காரைத் தூக்கி வீல் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிட்டாங்க. ரப்பர் புஷ் தொங்கின நிலையில் பிடிச்சுக்கும். காரை இறக்கினதும் முறுக்கிக்கிட்டே இருக்கும். கழுத்தைத் திருப்பி வெச்சுக் கட்டின மாதிரி! அண்ணன் போல்ட்டைத் தளர்த்தி, கார் தன் வெயிட்டில் தரையில் நிக்கும்போது மறுபடி இறுக்கினார். இதுக்குப் பொருள் செலவு பூஜ்யம். மீதிக் குத்தில் பாதி அதுல போச்சு. கடைசியா வீல் அலைன்மென்ட். மொத்தச் செலவு, அந்த நாற்பதாயிரத்தில் பாதிகூட ஆகலை.

கடைசி வைத்தியம்

அடுத்த சனிக்கிழமை. இந்தத் தடவை அம்மாயி தலைகாணி இல்லாமல் ஏறினாங்க. ஒட்டுத் தார், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் தாண்டிப் பொள்ளாச்சி வந்தோம். "தேவலையே"ன்னாங்க. மாமா முகத்தில் ஆயிரம் வாட்ஸ். சந்தோஷத்தில் கோயமுத்தூர் ரோட்டில் எண்பதைத் தொட்டார். அது நாலு வழி கான்கிரீட் ரோடு. "அந்தக் காலத்துல ரெண்டு பக்கமும் புளியமரமா இருக்கும்"னு சொல்லிட்டே வந்த அம்மாயி, கிணத்துக்கடவு நெருங்கும்போது பேச்சை நிறுத்திட்டாங்க. 'டக்டக்டக்டக்'னு விடாம ஒரு அடி. கை சீட்டைப் பிடிக்குது.

கார்ல இன்னும் என்ன கோளாறு? மலை மேல வேலாயுதசாமி கோயில் தெரியற இடத்தில் இளநீருக்கு நிறுத்தினோம். நான் ரோட்டோரமா காலடி வெச்சு அளந்தேன். கான்கிரீட் பலகைக்குப் பலகை ஒரு கோடு, சுமார் நாலரை மீட்டருக்கு ஒண்ணு. எண்பது கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 22 மீட்டர். அதை நாலரையால் வகுத்தா... விநாடிக்கு அஞ்சு அடி!

உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு மேலும் கீழுமா ஆடுறதுல அதிகம் பாதிக்கப்படுறது விநாடிக்கு 4-லிருந்து 8 அதிர்வு வரைக்கும்தான். முதுகெலும்பும் வயிறும் கூடச் சேர்ந்து ஆடுற கணக்கு அது. மாமா சரியா அதுக்குள்ளே ஓட்டிட்டு இருந்திருக்கார். அறுபதில் போனா விநாடிக்கு 3.7. நாலுக்குக் கீழே!

பரீட்சையில் மட்டும் பார்த்த ஃப்ரீக்வென்ஸி, எங்க அம்மாயி இடுப்பில் உட்கார்ந்திருக்கிறதை அன்னைக்குத்தான் பார்த்தேன். இனி மறைக்க முடியாது. இளநீர்க் கடையிலேயே மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நிறுத்தின ரெண்டு சனிக்கிழமையையும் சேர்த்து.

மாமா ரொம்ப நேரம் இளநீரைக் குடிக்காம கையிலேயே வெச்சிருந்தார். "ஏம்மா, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சந்தோசமா ஓட்டிட்டு வந்த. நாம ஏன் கெடுக்கோணும்னு..."

அப்புறம் ஈச்சனாரி வரைக்கும் முள்ளு அறுபதைத் தாண்டலை. மாமா பாட்டுப் போடலை, பேசலை. ஆத்துப்பாலத்தில் மேம்பாலம் ஏறினோம். இணைப்புக்கு இணைப்பு மெல்ல ஒரு 'தொப்', அவ்வளவுதான். இப்பவும் அது ஸ்போர்ட்டி செடான்தான் பாஸ், பஞ்சு மெத்தை ஆகிடலை. ஆனா உக்கடம் குளம் தெரிஞ்சபோது அம்மாயி ஜன்னல் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்துட்டு வந்தாங்க. கை சீட்டைப் பிடிக்கலை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினதும், காரைச் சுத்தி ஒரு தடவை பார்த்தாங்க. மெக்கானிக் அண்ணன் பார்த்த மாதிரியே!

"காரு செரியாயிருச்சு கண்ணு. உன்ற மாமனையும் இதே மாதிரி அப்பப்பப் பார்த்துக்க!"