கப்ப கார்

"ரெண்டே கதவா?" என்றுதான் அம்மா கேட்டாள். என்ன விலை, எந்த ஊர் வண்டி, ஓடுமா ஓடாதா, எதுவும் கேட்கவில்லை. எண்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கார் என்றால் ஒரு கணக்கு உண்டு. ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்துக்குப் பானை, விறகோடு ஆறு பேர். சுருட்டப்பள்ளி பிரதோஷத்துக்கு ஐந்து பேர். திருப்பதிக்கு மொட்டை போட என்றால் மடியில் உட்காரும் பிள்ளைகளையும் சேர்த்து எட்டு. ஊத்துக்கோட்டையில் எல்லார் வீட்டுக் கணக்கும் இதுதான். ஆள் கொள்ளாத வண்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு வேறு ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

கோளாறு சோழவரத்தில் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா பஸ்ஸில் கூட்டிப் போனார். கோயம்புத்தூர் பந்தய வீரர் கரிவரதன் பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். எனக்கு நினைவிருப்பது வண்டிகள் அல்ல, சத்தம். முதலில் சத்தம் வரும், அது நெஞ்சுக்குள் இறங்கிய பிறகுதான் வண்டி வரும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்ததும் சோழவரம் அடங்கிப்போனது. எனக்குள் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. வீடு கட்டும் கம்பி எதிலிருந்து வருகிறது என்று கட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை. அதில் பழைய இரும்பும் நிறைய. நசுக்கிக் கட்டிய கார்களும் லாரியில் வந்து இறங்கும். ஒருநாள் அப்படி ஒரு கட்டிலிருந்து ஒரு கதவுக் கைப்பிடி மட்டும் நசுங்காமல், குரோம் மின்ன, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யார் யாரோ பிடித்துத் திறந்த கைப்பிடி. 1,600 டிகிரி உலையில் அது கரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். பழைய வண்டி எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த உலை ஞாபகம் வந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு, அடையாறில் ஒரு பெரியவர் வீட்டு ஷெட்டில் ஒரு போர்ஷே இருப்பதாகச் செங்குன்றம் மெக்கானிக் பாய் சொன்னார். போர்ஷே 924, 1979-ஆம் வருஷத்து வண்டி. வெளிநாட்டுக் காரை நினைத்தபடி வாங்க முடியாத அந்தக் காலத்தில், தூதரகக்காரர்கள் விட்டுப்போகும் கார்களை எஸ்.டி.சி. என்கிற அரசு வர்த்தகக் கழகம் விற்கும். பெரியவர் அப்படி வாங்கியிருக்கிறார்.

விஷயம் தெரிந்தவர்கள் 924 என்றால் உதட்டைச் சுழிப்பார்கள். 'அது போர்ஷேவே இல்லை, வேன் இன்ஜின்' என்பார்கள். பொய் இல்லை. ஃபோக்ஸ்வாகன் தன் பெயரில் விற்பதற்காகப் போர்ஷேவிடம் வடிவமைக்கச் சொன்ன கார் அது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது, ஃபோக்ஸ்வாகன் கை கழுவிவிட்டது. போர்ஷே அந்தத் திட்டத்தையே விலை கொடுத்து வாங்கி, 1976-இல் தன் பெயரில் வெளியிட்டது. இரண்டு லிட்டர், 125 குதிரைத்திறன் இன்ஜின். அதன் குடும்பத்து இன்ஜின்தான் ஃபோக்ஸ்வாகன் எல்டி வேனிலும் ஓடியது. ஆனால் இன்ஜினை முன்னாலும் கியர்பெட்டியைப் பின்னாலும் வைத்ததால் எடை இரண்டு அச்சுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்காகிவிட்டது. திருப்பத்தில் அதன் அருமை தெரியும்.

என்னை இழுத்தது அதைவிட வேறு ஒன்று. இந்தக் கார் தயாரானது ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் ஊரில் இருக்கும் ஆலையில். 1975-இல் அந்த ஆலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, தொழிலாளர்கள் பக்கத்து ஊரான ஹைல்பிரானுக்கு நடைப்பயணம் போனார்கள். ஆலை பிழைத்தது, அதைப் பிழைக்க வைத்ததில் இந்த வேண்டாத காருக்கும் பங்கு உண்டு. கேட் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதைப் பார்த்தவனுக்கு போர்ஷே 911-ஐவிட இந்தக் கதைதான் ஒட்டும்.

அடையாறு ஷெட்டில் பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, துணியில் சுற்றி, வண்டியின் விளிம்பெல்லாம் ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார். இரும்பு இருந்தால் பிடிக்கும். பட்டி போட்டு மெழுகியிருந்தால் வழுக்கும். இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு கையகலம் வழுக்கியது. "டிங்கர் வேலை நடந்திருக்கு தம்பி, பழசு, பரவாயில்ல." பிறகு பானெட்டைத் தூக்கி நேராக பேட்டரியை எடுக்கச் சொன்னார். இந்த வண்டிக்கு உயிர்நிலை அங்கேதான். பேட்டரி தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மழைத் தண்ணீர் உள்ளே, கால் வைக்கும் இடத்துக்கே இறங்கும். தட்டில் விரல்நுனி நுழைகிற ஓட்டை. மிதியடியைத் தூக்கினால் ஈர வாடை. டாஷ்போர்டு நம் ஊர் வெயிலில் ஏரி வண்டல்போல நாலு இடத்தில் வெடித்திருந்தது.

பாய் குறைகளை அடுக்க அடுக்க எனக்கு ஆசை கூடியது. வாங்கப் போகிறவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார், எல்லாம் வீண். பெரியவர் சாவியைத் திருப்பினார். நாலாவது தடவை பிடித்தது. சோழவரம் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, தொண்டை கட்டிய சத்தம். எனக்கு அது போதுமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்த பாய் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்.

காகிதங்கள் சுத்தம். பெரியவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்திருந்தார். வின்டேஜ் பதிவு கிடைக்குமா என்று கேட்டேன். 2021 விதிப்படி ஐம்பது வயது ஆக வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் நம்பரில் 'வி.ஏ.' எழுத்தோடு பத்து வருஷத்துக்குப் பதிவு. இந்த வண்டிக்கு அந்த வயது 2029-இல்தான். அப்படிப் பதிந்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம். வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. புதுசும் இல்லை, பழம்பொருளும் இல்லை. ஓடட்டும்.

செங்குன்றம் வரை பாய் கூட வந்தார். அதற்குப் பிறகு நானும் லாரிகளும். சோழவரத்தைக் கடக்கும்போது வேகம் முப்பது, முன்னால் ஒரு டிப்பர். ஜனப்பன்சத்திரத்தில் திரும்பிய பிறகு ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியைக் குறுக்காகச் சாய்த்து, வயிறு தட்டாமல் ஏற்றி இறக்கினேன். பெரியபாளையம் தாண்டி இருட்டியது. இந்தக் காரின் முகப்பு விளக்குகள் பகலில் படுத்திருக்கும், சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும். அன்று எழவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மோட்டார்; பானெட்டுக்குள் அதன் குமிழைக் கையால் திருகித் தூக்கலாம் என்று பாய் சொல்லியிருந்தார். சாலை ஓரத்தில் நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் திருகத் திருக, இரண்டு கண்ணும் மெதுவாக எழுந்தன. ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்து டீக்கடையில் நாகலாபுரத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏமி சாமி, கப்ப காரா?" என்றார். தெலுங்கில் கப்ப என்றால் தவளை. ஊருக்குள் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அம்மாவை மறுநாள் காலையில் உட்கார வைத்தோம். உட்கார வைப்பது சுலபம், இறக்குவதற்கு நானும் மனைவியும் கிணற்றிலிருந்து தூக்குவதுபோல் தூக்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்தவள், வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள்.

"ஏண்டா, வர்ற பிரதோஷத்துக்கு நீயும் நானும் மட்டும் இதுல போலாமா?"

"நான் பஸ்ல வந்துடறேன் அத்தை," என்றாள் என் மனைவி.