56 வந்ததே இல்லை

ஃபைபர் போட வரும் பையன்கள் பழைய டயல்-அப் மோடத்தைப் பார்த்தால், "செகண்டுக்கு 56 கேபியா சார்?" என்று சிரிக்கிறார்கள். அது பைட் இல்லை, பிட். எட்டால் வகுத்தால் ஏழு. அந்த ஏழும் யாருக்கும் முழுசாகக் கிடைத்ததில்லை.

வி.34 என்ற மோடம் தரத்தில் பாட், அதாவது நொடிக்கு அனுப்பும் சிம்பல்களின் எண்ணிக்கை, 3429-ஐத் தாண்டாது. ஒரு சிம்பலில் எத்தனை பிட்டை அடைக்கிறோம் என்பதில்தான் 33,600 வந்தது. 1998-இல் வந்த வி.90 வேறு தினுசு. எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, தடவைக்கு எட்டு பிட்டாக எழுதுகிறது. இன்டர்நெட் கொடுப்பவர் பக்கம் முழுக்க டிஜிட்டல் என்றால்தான் வி.90 அந்த பிட்டுகளைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். நடுவில் இன்னொரு தடவை அனலாகாக மாறினால் பழைய வி.34-தான். வீட்டிலிருந்து அனுப்பும் பக்கம் எப்போதும் 33,600-க்குள். திரையில் 115200 என்று வந்ததைப் பார்த்துப் பூரித்தவர்கள் உண்டு. அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், லைனுடையதல்ல.

ஒரு ஆடிட்டர் வீட்டு லைன் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வெயிலில் 24,000, மழை பெய்தால் 14,400, அப்புறம் கட். மோடத்தை மாற்றினார், டிரைவரை மாற்றினார். எங்கள் டெலிபோன் அலுவலகத்தில் "பேச்சு கேட்கிறது, லைன் ஓகே" என்று எழுதிப் புகாரை முடித்தார்கள். மறுபடி வந்தது, மறுபடி முடித்தார்கள். கேபிள் ஜாயின்டர் ஒருவர்தான், அவரிடம்தான் நான் தொழில் கற்றேன், போன் ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்தினார். டயல் டோன் நின்றது. "இப்ப கேளுடா" என்று என் காதில் வைத்தார். எண்ணெயில் கடுகு பொரிகிற ஓசை. பேசும்போது குரல் அதை மூடிவிடும். மோடத்துக்கு அப்படி மூடத் தெரியாது.

வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பாக்ஸில் திருகு பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டிப் போட்டும் ஓசை பாதிதான் குறைந்தது. அவர் அங்கிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரைச் சுவரோடு பிடித்துக்கொண்டே போனார். மாடி போனுக்காக யாரோ சன்ஷேடுமேல் வயரின் தோலை உரித்து, முறுக்கி, செலோடேப் சுற்றியிருந்தார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டு ஜாயின்ட்டை ஒழுங்காகப் போட்டோம். 45,333 என்று பிடித்தது. அதென்ன ஒட்டாத கணக்கு என்றார் ஆடிட்டர். வி.90 1333, 1333-ஆகத்தான் ஏறும் என்றேன்.

அந்த ஜாயின்டர் வேலைக்கு அலுவலகத்தில் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. பதிவேட்டில் "மோடம் பழுது" என்றே இருந்தது.

இன்று புகார் எண்ணைக் கூப்பிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டாயிற்று என்றால் இன்னொரு தடவை போடச் சொல்கிறார்கள். ஃபைபரை ஜன்னல் கம்பியில் மடக்கிக் கட்டி வைத்திருப்பதை வந்து பார்க்க மட்டும் ஆள் கிடையாது.