ஷூ அங்கே, தடம் இங்கே

ஆம்பூரில் கால் என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக் கால்தான். ஷூ கம்பெனிகளில் அதற்கு லாஸ்ட் என்று பெயர். தைத்த அப்பரை அதன்மேல் இழுத்து மாட்டி, சூடு காட்டி, சோல் ஒட்டி, கடைசியில் லாஸ்ட்டை உருவி எடுத்துவிடுவார்கள். எந்த ஷூவிலும் முதலில் நுழைவது இந்தக் கால்தான். 'கடைசி' என்று பொருள்படும் லாஸ்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்குக் கால்தடம் என்று பொருள். அகராதியில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா அந்த மாதம் முழுக்க என் வேலையே கால்தடத்தோடுதான், அதாவது ஃபுட்பிரின்ட் என்ற சொல்லோடு.

நான் ஒரு ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். ஐரோப்பிய பையர்கள் கேட்பதை உள்ளே தமிழில் விளக்குவதும், கிடைக்கும் பதிலை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதும் என் வேலையில் பாதி. ஒரு பையர் நீளமான கேள்விப் படிவம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் ஒரே பக்கத்தில் மூன்று ஃபுட்பிரின்ட். முதலாவது, புதிதாக வந்த மெஷினின் ஃபுட்பிரின்ட்: அது தரையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, நிறுவனத்தின் ஃபுட்பிரின்ட்: எங்கெங்கே யூனிட் இருக்கிறது. மூன்றாவது, ஒரு ஜோடி ஷூவுக்கான வாட்டர் ஃபுட்பிரின்ட். சூப்பர்வைசர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எல்லாத்துக்கும் கால் முளைச்சிகீது? சைஸ் நாப்பத்தொண்ணுன்னு போட்டு அனுப்பு" என்றார்.

அவர் கிண்டலில் நியாயம் உண்டு. மணலில் பதிந்த தடங்களை ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். உருவகமாகும்போது அதே சொல் பெரும்பாலும் ஒருமைக்குப் போய்விடும். முன்னால் கார்பன், வாட்டர், குளோபல் என்று ஏதாவது ஒட்டிக்கொள்ளும். ஒருவர் காட்டிய வழியில் போகிறோம் என்று சொல்ல ஃபுட்ஸ்டெப்ஸ்தான் வழக்கம். அங்கே ஃபுட்பிரின்ட்ஸ் என்று போட்டால் போலீஸ் நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கும். தமிழில் இரண்டுக்கும் சுவடே போதும். ஒருவர் அடிச்சுவட்டில் நடக்கலாம், சுவடே தெரியாமல் அழிந்தும் போகலாம். ஆனால் சுவடு என்றாலே நமக்கு முடிந்துபோனது, மங்கிக்கொண்டிருப்பது. சூழலியல் எழுதுகிறவர்கள் 'கார்பன் தடம்', 'நீர்த்தடம்' என்று தடத்தைப் பிடித்துக்கொண்டது நல்லதுதான். தடம் என்றால் வண்டித்தடம் மாதிரி, இன்னும் போக்குவரத்து இருக்கிற ஒன்று.

இந்த உருவகத்துக்கு வயது அதிகமில்லை. கனடாவில் வில்லியம் ரீஸ் 1992ல் எழுதிய ஒரு கட்டுரையில் எக்கலாஜிக்கல் ஃபுட்பிரின்ட் என்ற எண்ணம் வந்தது. அவரும் அவர் மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் 1996ல் அதைப் புத்தகமாக்கினார்கள். ஒரு நகரம் தன் எல்லைக்கு வெளியே எவ்வளவு நிலத்தைத் தின்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002ல் அதைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார். பிறகு, 2000களின் நடுவில், பிரிட்டிஷ் பெட்ரோலியம் 'உங்கள் கார்பன் ஃபுட்பிரின்ட் எவ்வளவு' என்று மக்களைப் பார்த்துக் கேட்டு விளம்பரம் செய்தது. எண்ணெய் எடுக்கிறவர் காலிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் காலுக்குப் பார்வை நகர்ந்தது. சொல் மாறவில்லை, கால் மாறிவிட்டது.

எங்கள் படிவத்திலும் அப்படி ஒன்று நடக்கப் பார்த்தது. எங்கள் யூனிட்டில் பதனிட்ட தோலை வாங்கி வெட்டி, தைத்து, ஒட்டுகிறோம். தண்ணீர் செலவாவது குடிக்க, கேன்டீனுக்கு, கழிவறைக்கு. மாத மீட்டரை ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மிகச் சின்ன எண் வரும். அதைப் போடச் சொன்னார்கள். வகுத்தல் சரி. ஆனால் தோல் எங்கிருந்து வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சங்கிலி முழுவதையும் எண்ணுவதற்காகவே வந்த சொல் அது. அப்படி எண்ணினால், வாட்டர் ஃபுட்பிரின்ட் நெட்வொர்க் கணக்கில், ஒரு கிலோ மாட்டுத்தோலுக்கு உலக சராசரியாகச் சுமார் 17,000 லிட்டர். அதில் பெரும்பகுதி மாடு தின்ற தீவனம் குடித்த தண்ணீர். டேனரியில் ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட ஆவது 30, 40 லிட்டர்தான். 17,000க்குப் பக்கத்தில் வைத்தால் அது தூசு.

அந்தத் தூசில்தான் எங்க அத்தை வீட்டுக் கிணறு போனது.

வாணியம்பாடிப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஊர். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். டேனரியில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, பிறகு குரோம். குரோமையாவது தனியே பிரிக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் ஆர்.ஓ.வும் வருவதற்கு முன்னால் பல வருஷம் அது அப்படியே மண்ணில் இறங்கியது. அத்தை கல்யாணமாகி வந்தபோது அந்தக் கிணற்றை நம்பி நெல் போட்டிருந்தார்களாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தண்ணியில் துணிகூட அலச முடியாது, காய்ந்தால் உப்புப் பூக்கும். அத்தையின் இரண்டு பெண்களும் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். "கெணத்த எடுத்துக்கினு வேலையக் குட்த்தாங்க. வேலைய வுட்டா கெணறு திரும்பி வர்மா?" என்பார் அத்தை. எனக்கும் அதே தொழில்தான் சோறு போடுகிறது.

பாலாற்றின் கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது, ரீஸின் புத்தகம் வந்த அதே வருஷம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுக்க ஓர் ஆணையம் அமைந்தது. 29,000க்கும் மேற்பட்ட குடும்பங்களும் தனிநபர்களும், 26 கோடிக்கு மேல் இழப்பீடு என்று 2001ல் அது முடிவு செய்தது. இன்னும் ஈடு கிடைக்காதவர்களுக்குக் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு அந்த ஆணையத்தின் பட்டியல்தான் உண்மையான ஃபுட்பிரின்ட். மண்ணில் பதிந்த தடம் மூன்று விஷயம் சொல்லும்: யார் கால், எந்த இடம், எவ்வளவு ஆழம். உருவகமாக்கி லிட்டரில் எழுதியதும் எவ்வளவு பெரிசு என்பது மட்டும் மிஞ்சுகிறது. ஷூ கன்டெய்னரில் ஏறி, ஜெர்மனியில் எங்கோ ஒரு காலைத் தேடிப் போகிறது. அந்தக் கால் அதை மாட்டுவதற்கு முன்பே தடம் இங்கே பதிந்தாயிற்று.

அந்தச் சின்ன எண்ணை 'யூனிட்டில் செலவான தண்ணீர்' என்று பெயர் கொடுத்து எழுதினேன். ஃபுட்பிரின்ட் கட்டத்தில், தோல் பதனிடும் நிலை இதில் சேரவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் போடும்மா" என்றார். "கேட்டதே அதுதான் சார்" என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், விட்டுவிட்டார். பையரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: நோட்டட்.

இந்தச் சொல்லின் எல்லா அர்த்தமும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பதைப் பார்க்க ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். தோல் பதனிடும் குரோம் ரசாயனங்களைத் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுப்போனார்கள். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வழியும், நிலத்தடிக்கும் இறங்கும். தரையில் அது அடைத்த இடமும் ஃபுட்பிரின்ட், மண்ணுக்குள் அது போன தூரமும் ஃபுட்பிரின்ட். கால் மட்டும் எப்போதோ போய்விட்டது.