அம்மாவின் டம்ளர்



எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இருந்ததில்லை. ஆனால் கேக் இருந்தது. பிள்ளைகளில் ஒருவர் குர்ஆனை முதன்முறையாக ஓதி முடிக்கும் நாளில் அம்மா சாக்லேட் கேக் செய்வார். அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, கடைசியாக எனக்கு ஒன்று. கரும்புப் பணம் கைக்கு வந்த மாதங்களில் காரணமின்றியும் ஒன்றிரண்டு முறை செய்ததுண்டு.

பாலக்கோட்டில் அந்நாளில் எங்களைப் போன்றவர் வீடுகளில் ஓவன் ஏது? கனத்த அலுமினியக் குண்டானில் ஆற்றுமணலைப் பரப்பிச் சூடேற்றுவார். அதன்மேல் மாவு ஊற்றிய கிண்ணத்தை இறக்கி, இரும்புத் தட்டால் மூடி, தட்டின்மேல் அடுப்புத் தணலை அள்ளி வைப்பார். கீழே மணலின் சூடு, மேலே தணலின் சூடு. இரண்டுக்கும் நடுவில் மாவு மெல்ல எழும்பும். பிற்காலத்தில் பிரஷர் குக்கர் வந்தது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மணலுக்குப் பதிலாகக் கல்லுப்பை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பிக்கொண்டார். பத்து நிமிடம் வெறுமனே சூடாக வேண்டும். பிறகு சிறு தீயில் முக்கால் மணி நேரம்.

எசன்ஸ் மட்டும் சேர்க்கமாட்டார். வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் கலந்திருப்பது உண்டு என்று எவரோ சொல்லக் கேட்டதிலிருந்து ஏலக்காயைப் பொடித்துப் போடுவதே அவருடைய பேணுதலாக இருந்தது. உணவில் கரைந்துபோகும் அந்த அளவைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நான் பின்னாளில் எடுத்துச் சொன்னேன். "இருக்கட்டும், ஏலக்காய் மணக்கத்தானே செய்யுது" என்றார். கோகோவும் ஏலக்காயும் சேர்ந்த மணம்தான் இன்றும் எனக்குக் கேக்கின் மணம். கடைக் கேக்கில் ஏதோ குறைவதாகவே தோன்றும்.

கடந்த ரபீவுல் அவ்வலில் என் இளைய மகள் குர்ஆனை ஓதி முடித்தாள், அல்ஹம்துலில்லாஹ். அம்மா வஃபாத்தாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கையால் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதன்முறையாக நானே செய்தேன். மைதா ஒரு டம்ளர். சர்க்கரை அதே டம்ளரில் முக்கால். உருக்கிய வெண்ணெய் அரை, சூடான பால் அரை. கோகோ பவுடர் நான்கு மேசைக்கரண்டி, பாலில் கரைத்துக்கொள்ளவும். முட்டை மூன்று. பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. ஏலக்காய் நான்கு. எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். கேக் ரப்பரைப் போல வந்தது. முட்டை நெடி வேறு. மறுநாளும் செய்து பார்த்தேன். அதே ரப்பர்.

காரணம் விளங்கச் சற்று நேரமாயிற்று. மாவு, சர்க்கரை, வெண்ணெய், பால் ஆகிய நான்கையும் ஒரே டம்ளரில் அளப்பதால், டம்ளர் பெரிதோ சிறிதோ அவற்றின் விகிதம் மாறாது. ஆனால் முட்டை டம்ளரைப் பார்ப்பதில்லை. மூன்று என்றால் மூன்றுதான். என் வீட்டுக் காப்பி டம்ளர் 150 மில்லி பிடிக்கும். அம்மாவுடையது மோர் குடிக்கும் பெரிய பித்தளை டம்ளர். மாவு பாதியாகிவிட, முட்டை மட்டும் முழுதாக நின்றுவிட்டது. அந்த டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தால் போதும். அதுவோ காவேரிப்பட்டினத்தில் அக்கா வீட்டில் இருந்தது. அக்காவோடு நான் பேசிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நகைகளைப் பங்கிட அமர்ந்தபோது அத்தா உயிரோடு இல்லை. அண்ணனுக்கு இரண்டு பங்கு, எங்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்பதில் எவருக்கும் பேச்சில்லை. அப்போது அக்கா, ஒரு ஜோடி வளையலைத் தனக்குத் தருவதாக அம்மா வாயால் சொல்லியிருந்தார் என்றார். அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களில் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மலஜலம் எடுத்தவர் அக்கா. அப்படிச் சொல்லியிருக்கவே கூடும். நான் உடனே, "வாரிசுக்கு வஸிய்யத் கிடையாது, ஹதீஸ் இருக்கிறது" என்றேன். சொந்தபந்தங்கள் முன்னிலையில், பொய்யரைக் கண்டுபிடித்துவிட்ட குரலில். அக்கா எழுந்து போனார்.

ஹதீஸ் சரியானதுதான். ஆனால் மற்ற வாரிசுகள் மனமொப்பினால் அந்த வஸிய்யத்தை நிறைவேற்றலாம் என்பது பெரும்பாலான ஃபுகஹாக்களின் கருத்து. அதையும் நான் படித்திருந்தேன். அன்று என் நாவுக்கு முதல் பாதி மட்டுமே வந்தது. ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்ற நபிமொழியும் எனக்குத் தெரியாததன்று. மூன்று நாள் மூன்று மாதமானது; பிறகு பேசாதிருப்பதே பழகிவிட்டது.

முன்பு எத்தனையோ இரவுகள் அழைக்க நினைத்து விட்டிருக்கிறேன். சொல்வதற்கு ஒரு முதல் வாக்கியம் கிடைத்ததில்லை. இம்முறை கிடைத்தது.

"அக்கா, அம்மாவோட பித்தளை டம்ளர்ல எவ்வளவு தண்ணி பிடிக்கும்?"

சிறிது நேரம் மௌனம். பிறகு, "எதுக்கு?" என்றார்.

"கேக்குக்கு. ரெண்டு தடவை ரப்பரா வந்துடுச்சு."

"யார் ஓதி முடிச்சது? சின்னவளா?"

"ஆமா."

"எனக்குச் சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மகள் முதன்முதலில் அலிஃப், பே சொல்லிப் பழகியது அக்காவின் மடியில். மாப்பு கேட்டேன். அழுததில் வார்த்தைகள் சரியாக வந்தனவா என்று தெரியவில்லை. "இரு, அளந்து சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார். ஆனால் திரும்ப அழைக்கவில்லை.

மறுநாள் லுஹருக்கு முன்பே பஸ்ஸில் வந்து இறங்கினார். கைப்பையில், பழைய துப்பட்டாவில் சுற்றிய டம்ளர். சமையலறைக்குள் நுழைந்து, என் குக்கரில் உப்பு போதாது என்றார். கோகோவைப் பாலில் கட்டி தட்டாமல் கரைக்கத் தெரியவில்லை என்று கடிந்துகொண்டார். மாவை ஒரே பக்கமாகக் கலக்கு என்றார். அம்மாவும் அப்படித்தான் சொல்வார். கேக் எழும்பிற்று. மேலே இலேசான வெடிப்பு, உள்ளே ஈரப்பதம். முதல் துண்டை மகளுக்கு ஓதிக்கொடுத்த ஆலிமாவின் வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாவதை மகள் தன் பெரியம்மாவின் வாயில் ஊட்டினாள்.

வளையலைப் பற்றி அன்று இருவருமே பேசவில்லை. இரவில் அண்ணனை அழைத்து, அதில் என் பங்கை அக்காவுக்கு விட்டுத்தர எனக்குச் சம்மதம் என்றும், அவருடைய முடிவை அவர் சொல்லட்டும் என்றும் கூறினேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

டம்ளரை எனக்குத் தந்துவிட்டுப் போவார் என்று உள்ளூர ஓர் ஆசை இருந்தது. தரவில்லை. கழுவித் துடைத்து, அதே துப்பட்டாவில் சுற்றிக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டார். அம்மாவின் தாளில் ஓரமாக, 280 மில்லி என்று எழுதி வைத்திருக்கிறேன்.