ஒரு தடவைதான் வாசிப்பார்

இரண்டாம் வகுப்போடு அம்மா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மதுரை காளவாசலில் தேனி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். "பிள்ளைக்கு உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தவர்களிடமெல்லாம், "வீட்டுல படிக்கிறா" என்று மட்டும் அம்மா சொல்வார். கணக்கை அவரே பார்த்துக்கொண்டார். மற்ற பாடங்களுக்கு ஆள் தேடினார். எங்களைப் போலவே பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்த சில குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. அப்படி எங்களுக்கு வாய்த்த ஆசிரியர்கள் மூன்று பேர்.

தமிழய்யா பணி ஓய்வு பெற்றவர். பொன்மேனியில் வீடு. காலை வெயில் வராந்தாவில் ஏறுவதற்குள் பாய் விரித்துக் காத்திருப்பார். அவரிடம் எங்களுக்குப் பாடநூல் கிடையாது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'தான் பாடம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய நூல் அது. ஐயர் 1942இல் மறைந்ததால் முடிவு பெறாமலே நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் அதில் இரண்டு மூன்று பக்கம் வாசிப்பார். ஒரு தடவைதான் வாசிப்பார். "இன்னொரு தடவை அய்யா" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு யாராவது ஒருவரைப் பார்ப்பார். "இப்ப நீ சொல்லு தாயி."

நாங்கள் சொல்ல வேண்டும். மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன்னால், பின்னாளில் இந்த நூலை எழுதிய அந்த இளைஞன் எப்படி நின்றான், என்ன பேசினான், உள்ளுக்குள் எதற்குப் பயந்தான் என்று எங்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும். அய்யா குறுக்கே பேசமாட்டார், திருத்தமாட்டார். நான் விட்டதை அடுத்த பிள்ளை எடுத்துக்கொடுப்பாள். மறுவாசிப்பு கிடையாது என்று தெரிந்திருந்ததால், வாசிக்கிற நேரம் முழுக்கக் காதும் மனமும் அந்தக் குரலிலேயே இருக்கும். பிள்ளையவர்களும் அவர் மாணாக்கரும் எனக்குத் தெரிந்த மனிதர்கள் ஆனது அப்படித்தான்.

செடிகொடி சொல்லித்தந்தவர் கல்லூரியில் தாவரவியல் நடத்திய டீச்சர். இதே முறையை வேறொருவர் முன்பே வகுத்திருந்தார் என்பதையும் அவர்தான் பின்னாளில் சொன்னார். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய ஆசிரியை (1842–1923) 1886இல் வீட்டுக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். 1891 முதல், வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாடத்திட்டங்களைத் தபாலில் குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தார். மறு ஆண்டே ஆம்பிள்சைடு என்ற ஏரிக்கரை ஊரில் ஆசிரியைகளுக்கு ஒரு பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார். பொருளை நேசித்து ஒருவர் எழுதிய உயிருள்ள புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், ஒரு தடவை வாசித்ததும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், சிறு பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், மிச்ச நேரம் வெளியே அனுப்புங்கள் என்பவை அவர் வற்புறுத்தியவை. தமிழய்யா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். கேட்டதைச் சொல்லவைக்கும் பழக்கம் அவருக்குத் தன் ஆசிரியர்களிடமிருந்து வந்திருக்கும்.

டீச்சரோடு நாங்கள் போனது மாடக்குளம் கண்மாய்க்கு. கோடையில் வெடித்துக் கிடக்கும் தரை, ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீராக விரிந்து கிடக்கும். கரையில் உட்கார்ந்து கோடு போடாத நோட்டில் கண்டதை வரைவோம். தேதி, இடம், பார்த்தது, கேட்டது. பெயர் தெரியாவிட்டால் அவசரப்படாமல் முதலில் வரையச் சொல்வார். முக்குளிப்பான் மூழ்கிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி மேலே வருகிறது என்று பார்க்கவைத்தார். தூக்கணாங்குருவி கூடு கட்டுவதை வாரக்கணக்கில் கவனித்தோம். ஆண் குருவி நாரைக் கிழித்து வந்து பாதிக் கூடு பின்னும். பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் ஆண் மிச்சத்தைக் கட்டி முடிக்கும். பிடிக்காமல் போன பாதிக் கூடுகள் மரத்தில் அப்படியே தொங்கின. அவற்றையும் வரையச் சொன்னார் டீச்சர்.

ஒரு மார்கழியில் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அழைத்துப் போனார். நாகமலைப் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதன் பின்னால் மொட்டைப் பாறை. பேச்சிப்பள்ளத்தில் பாறை நெடுக வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தது. கீழே வட்டெழுத்துகள், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. சிற்பத்தைச் செய்வித்தவர்களை இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்று அந்த எழுத்துகள் சொல்வதாக டீச்சர் விளக்கினார். தன் பெயரோடு ஆசிரியர் பெயரையும் கல்லில் வெட்டிவைத்த அந்த மாணாக்கர்களை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. அதே மலையின் செட்டிப்புடவுக் குகைக்குள் சிங்கத்தின் மேல் அமர்ந்து வில் வளைக்கும் பெண்ணின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வந்து, நான்கு பக்கம் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

மூன்றாமவர் காமராசர் சாலைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த சௌராஷ்டிர அம்மா. சுங்குடி முடிச்சுப் போடக் கற்றுத்தந்தார். துணியில் புள்ளி குறித்து, நக நுனியால் துளி துணியைக் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கிக் காயவைத்து இழுத்தால், நூல் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விரியும். முடிச்சு தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே இறங்கிப் புள்ளி மங்கிவிடும். அதனால் திட்டவேண்டிய வேலையே அவருக்கு இருக்கவில்லை. "துணியே சொல்லும்மா" என்பார். செய்த வேலையை நாமே நேர்மையாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். சூத்திரங்களையும் ஆண்டுகளையும் கடைசி மாதங்களில் மனப்பாடம் செய்யத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கேள்வித்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து உன் சொற்களில் எழுது என்றபோது, அய்யா வீட்டு வராந்தாவில் பேசியதைப் போலவே எழுதினேன்.

வீட்டுக் கல்வி என்றால் நான்கு சுவருக்குள் தாயும் பிள்ளையும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. பொன்மேனி வராந்தாவும் மாடக்குளம் கரையும் சமணர் மலைப் பாறையும் என் வகுப்பறைகள். தான் நேசித்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட மூன்று பெரியவர்கள் இல்லாமல் என் அம்மாவின் துணிச்சல் பலித்திருக்காது.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தை உரிமையாக்கியது. அது வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் கூடவே இன்னொன்றும் வேண்டும்: தெருவில் ஒரு பெரியவர், அவரிடம் ஒரு நல்ல புத்தகமோ ஒரு கைவேலையோ, பிள்ளை பேசி முடிக்கும்வரை கேட்கும் பொறுமை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லாத தெரு மதுரையில் இல்லை. வாரத்தில் ஒரு காலை போதும். பாயை விரியுங்கள், ஒரு தடவை வாசியுங்கள், புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள்.