புதுப்பேட்டையில் மூணு கொம்பு!

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கூவம் மணக்கும் பக்கமாக நடந்தால் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் கதவு தனி, பம்பர் தனி, ஸ்டீயரிங் தனி என்று கார்கள் பாகப்பிரிவினை ஆகிக் கிடக்கின்றன.

சனிக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு பழைய மாருதி ஆம்னி, கயிறு கட்டி இழுத்து வரப்பட்டு நின்றது. பின்பக்கம் இட்லிக் குண்டான். அந்த வேன்தான் ராத்திரி டிபன் கடையே! கிளம்பாவிட்டால் அரைத்த மாவெல்லாம் புளித்துவிடும் என்ற கவலை ஓனரம்மா முகத்தில்.

1984-ல் வந்து 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. பழைய கார்புரேட்டர் மாடலில் 796 சி.சி., மூணு சிலிண்டர். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். டிஸ்ட்ரிபியூட்டர் என்பவர் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. 1, 3, 2 என்ற வரிசையில் இலைக்கு இலை நேரம் தவறாமல் கரண்ட் போடவேண்டும். இங்கே அவர்தான் படுத்துவிட்டார்.

கடைப்பையன் ஒன்றை நீட்டினான். மெக்கானிக் பாய் மூடியைப் பார்த்துச் சிரித்தார். "நடுக்கொம்பு காயிலுக்கு. சுத்தி மூணுதான் இருக்கணும். இதுல நாலு இருக்கே, தம்பி!" அடுத்ததில் எண்ணிக்கை சரி. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைத்தார். ஆடவில்லை. வாங்கினார்.

பாட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் மேலே வரும்வரை இன்ஜினை ஸ்பானரால் சுற்றினார். ரோட்டார் பார்க்கும் திசையில் ஒரு சாக்பீஸ் கோடு. போல்ட்டைத் தளர்த்தி மெதுவாக உருவ, ரோட்டார் லேசாகத் திரும்பியது. அங்கே இன்னொரு கோடு.

"ரெண்டு கோடு எதுக்கு பாய்?"

"கியர் பல்லு சாய்வா இருக்கு சார். வெளிய வரும்போது திரும்பும், உள்ள போகும்போதும் திரும்பும். ரெண்டாவது கோட்டுல பிடிச்சு இறக்கினா, முதல் கோட்டுல போய் உட்காரும்."

அப்போது ஓர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. நாலு பேர் வேனைத் தள்ளப் போனார்கள்.

"கை வைக்காதே! வண்டி கியர்ல இருக்கு!" பாய் போட்ட சத்தத்தில் சந்தே நின்றது. தள்ளியிருந்தால் இன்ஜின் சுற்றி, போட்ட கோடெல்லாம் வீண். ஆட்டோ முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தது.

புதுசு இறங்கி, முதல் கோட்டில் உட்கார்ந்தது. வயர்கள் வரிசைப்படி ஏறின. சாவியைத் திருப்ப, ரெண்டாவது இழுப்பில் இன்ஜின் பேசியது. டைமிங் லைட்டைப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பிச் சரிபார்த்து, போல்ட்டை இறுக்கினார்.

"கூலி எவ்ளோ பாய்?"

"கூலியை விடும்மா, ராத்திரி எட்டு இட்லி பார்சல். கெட்டிச் சட்னி!"